மஞ்சள் துணியில் கட்டிவந்த படம்

1997ஆம் வருடம் சித்திரை மாதம், மடுல்சீமைக்கு மேலேயுள்ள கல்லுமலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் பிற்பகலில் பழைய ஸ்டோருக்குள் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற கங்காணி அங்கமுத்து, அவர் மனைவி பொன்னாயி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சந்தனம், பூசாரி சடையன், தோட்டப் பள்ளிக்கூடத்து விஜிதா டீச்சர், பதுளையிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்திருந்த ஹுமைத், கொழுந்தெடுக்கிற மூக்காயி. இவர்களைத் தவிர, மேற்பிரிவின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் ஏழிலும் கீழ்ப்பிரிவு லயங்கள் ஐந்திலும் நடக்க முடிந்த எல்லாரும், நடக்க முடியாத இரண்டு பேரும். அந்த இரண்டு பேரையும் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வராதவர் தோட்ட நிர்வாகியான தொரை மட்டும். அவரை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று இன்று சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் ஒன்று சேர்த்தால், பழைய ஸ்டோர் போலப் பத்து ஸ்டோர் வேண்டும்.

ஸ்டோர் என்பது தேயிலை அரைக்கிற ஆலை. புது ஆலை கட்டிய பிறகு பழையது சும்மா கிடந்தது. கரண்ட் மட்டும் இருந்தது. ஜன்னல்களில் கொழுந்துச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டால் நடுப்பகலிலும் உள்ளே இருட்டிவிடும். கல்லுமலைக்கு அதுதான் தியேட்டர்.

திருவிழா ஐந்து நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கு உபயம் உண்டு. பொங்கல் ஒரு வீடு, பூ ஒரு வீடு, மேளம் ஒரு வீடு. கடைசி நாள் படம் போடுவது அங்கமுத்து வீட்டு உபயம். அவருடைய தகப்பனார் காலத்தில் அது கூத்தாக இருந்தது. டெக் வந்த பிறகு படமாயிற்று. கூத்தானாலும் படமானாலும் அதைக் கொடுக்கிற கை அங்கமுத்து வீட்டுக் கை என்பதில் மாற்றம் வரவில்லை. அதைத் தவிர அவரிடம் பெருமைப்பட வேறு என்ன இருந்தது? கங்காணி வேலை போயிற்று. மகன்கள் கொழும்பில் கடைகளில் நின்றார்கள். வருடத்தில் அந்த ஒரு பிற்பகலில் முன்வரிசை நாற்காலியில் உட்காரும்போதுதான் அவர் வீட்டுப் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். லயத்து வாசல்களின் உயரம் குறைவு. எல்லாரும் குனிந்து நுழைவார்கள். அங்கமுத்து தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, முதுகை விறைப்பாக வைத்தபடியே உள்ளே போவார். இடித்துக்கொண்டதும் உண்டு. இடித்த இடத்தைத் தடவியதில்லை.

உபயத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. தொடங்கிய உபயம் பாதியில் நின்றால், அடுத்த வருடம் அது அந்த வீட்டுக்கு இல்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அங்கமுத்துதான். ஒன்பது வருடத்துக்கு முன்பு சந்தனத்தின் தகப்பனார் கொண்டுவந்த மேளக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு நாயனத்தைப் பாதியில் உறையில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்லி, மேள உபயத்தை அந்த வீட்டிலிருந்து பிடுங்கினவர் அவர். சந்தனம் அதை மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் படம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை கரண்ட் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, மேலே ஓடும் கம்பியை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடமும் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு அங்கமுத்து பதுளைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாறூக் முதலாளியின் கசெட் கடை. புதிதாக வந்த தமிழ்ப் படம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். ஐந்து சண்டை, ஆறு பாட்டு. மேசையில் நாலைந்து கசெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகளில் இருந்தன.

"ஒரு நிமிசம் இரிங்க கங்காணியாரே," என்றார் பாறூக். "டெக்குல போட்டுப் பாத்துத் தாறேன். இன்னைக்கு வந்ததும் போனதும் கலந்து கெடக்கு."

"வேணாங்க மொதலாளி."

"பாக்காம எப்பிடிக் கொண்டு போறது?"

"ஆத்தாவுக்கு எடுக்கறதுங்க. சேலைய யாராச்சும் ஒருக்கா உடுத்திப் பாத்துட்டா சாத்துவாங்க? எச்சி பண்ணப்படாது."

"சேல வேற, கசெட் வேறயே!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

சொல்லிவிட்டு வலது கையால் மேலே இருந்ததை எடுத்தார். மடியிலிருந்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியை உதறி, கசெட்டை நடுவில் வைத்து, மூன்று முடிச்சுப் போட்டார். மூன்று முடிச்சுப் போட்டதைக் கற்பூரம் காட்டும்வரை அவிழ்க்கக் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. சாமிக்குரியதை மடியில் வைக்க மனம் வராமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மடுல்சீமை வரைக்கும் நின்றே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டு முடிந்ததும் சனம் ஸ்டோருக்குள் நிறைந்தது. ஹுமைத் பாறூக்கின் மச்சினன். வருடா வருடம் டெக்கோடு வருகிறவர். பொன்னாயி கையால் தேத்தண்ணீர் குடிக்காமல் வேலையைத் தொடங்கமாட்டார். டிவி மேசையின்மேல் மாரியம்மன் படம் வைத்து, பூசாரி சடையன் கற்பூரம் காட்டினார். அங்கமுத்து மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். ஹுமைத் கசெட்டை வாங்கி உள்ளே தள்ளினார்.

பனி மலை ஒன்று வந்தது. காற்று ஊளையிட்டது. தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்ட ஒரு பெண்பிள்ளை, ஒரு வீட்டு வாசலில் நின்று யாரோடோ பேசினாள். அது தமிழ் இல்லை. சிங்களம் இல்லை. இந்தியும் இல்லை.

"பாட்டு சீனு போல," என்றான் ஒருவன். "ஊட்டியில எடுத்திருப்பாங்க."

பாட்டு வரவில்லை. அந்தப் பெண்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள். கீழே வெள்ளை எழுத்துகள் ஓடின. முன்னூறு பேரும் அங்கமுத்துவின் முதுகைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

"டீச்சர்," என்றார் திரும்பாமலே. "அந்த எழுத்த வாசிங்க."

விஜிதா டீச்சர் எழுந்து கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்து ஆள். படிப்பித்த இடத்தில் பொய் சொல்ல வராது. "இது இங்கிலீசு எழுத்து மாதிரிக் கிடக்கு ஐயா, ஆனா இங்கிலீசு இல்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

ஹுமைத் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! பண்டாரவளையில இருந்த வெள்ளக்காரன் ஊருக்குப் போகக்கொள்ள குடுத்துட்டுப் போன கசெட் இது. உங்கட படம் கடையில இரிக்கி, கங்காணியாரே!"

ஸ்டோர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பதுளைக்குப் போய்வர அரை நாள். அன்றைக்கு வேறு பஸ்ஸே கிடையாது.

சந்தனம் கரண்ட் பெட்டியை விட்டு முன்னே வந்தார். ஒன்பது வருடம் காத்திருந்த மனிதர் அவசரப்படுவாரா? மெதுவாகத்தான் வந்தார். "என்ன செய்யிறது பூசாரி? புரியாத படம். நிறுத்திப்புட்டு, கொமரிகள வச்சுக் கும்மி அடிக்கச் சொல்லலாம். கங்காணி ஐயா ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டாரு. சட்டம் அவரு போட்டதுதானே."

பூசாரி தலையை ஆட்டினார். "கற்பூரம் காட்டியாச்சு தலைவரே. ஆத்தா கண்ணுல பட்டத நாம எடுத்து உள்ள வைக்க முடியாது. ஓடற வரைக்கும் ஓடட்டும். சனம் எந்திரிச்சுப் போயிருச்சுன்னா, அப்ப நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

ஆக, சனம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அது எப்படி என்றுதான் அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை. கதவோரம் இருந்த கீழ்ப்பிரிவு இளவட்டங்கள் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே மூச்சு முட்டியது. அவர் எழுந்து, முதுகை நிமிர்த்தியபடி வெளியே போய்ப் படியில் நின்றார். மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தகப்பனார் காலத்து உபயம், சொந்தக் கையால் எடுத்த ஒரு கறுப்புப் பெட்டியால் போகப்போகிறது என்று நினைத்தார்.

அப்போது உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. பத்துப் பேர் சிரிப்பல்ல, ஸ்டோரே சிரித்தது. அவர் காதைக் கொடுத்தார்.

"ஏன்டி, சட்டி பானையத் தூக்கி வெளிய எறியிறானே, அது ஒன் மாமியா சீதனம்னு சொல்லுடி!" ஒரு குரல். அடுத்த நொடி அதே தொண்டையிலிருந்து நடுங்குகிற கிழவிக் குரல்: "என் சீதனம் ஒரு ஆடுதாம்மா. அதையும் ஒம் புருசன் பேருல எழுதிட்டாங்க!"

மறுபடியும் சிரிப்பு. அங்கமுத்துவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். அதைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

மூக்காயிக்கு எந்தக் குரலும் வரும். தொரையின் குரல், தொரை வீட்டு நாயின் குரல், காமன் கூத்தில் ஆண்கள் ஆடுகிற எல்லா வேஷத்தின் குரலும் வரும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், அங்கமுத்துவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் பேர் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள். பாதிப் பெண்கள் அவளுக்கு "ஆமாங்க" சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பினார். சிரிப்பு நின்றது. "இனிமே நா இருக்கற எடத்துல ஒன் கொரலு கேக்கப்படாது" என்றார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி கடைப்பிடித்தாள். அன்றிலிருந்து அங்கமுத்து கண்ணில் பட்டால் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். பாதிச் சொல்லில் இருந்தாலும் அப்படியே விழுங்கிவிடுவாள். மலையில் கொழுந்தெடுக்கும்போது மூக்காயியின் சத்தம் திடீரென்று நின்றால், கங்காணி வருகிறார் என்று எல்லாரும் கூடையைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் ஓய்வு பெற்ற பின்னும் அது மாறவில்லை.

அங்கமுத்து உள்ளே கால் வைத்தார். குரல் கத்தரித்ததுபோல நின்றது. திரையில் கிழவியின் வாய் சும்மா அசைந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

வெளியே ஒரு அடி வைத்தார். உள்ளே குரல் கிளம்பியது. மறுபடியும் உள்ளே வந்தார். நின்றது.

"உபயகாரரு வெளிய நின்னா உபயம் செல்லாதுங்க," என்றார் பூசாரி. சந்தனம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அங்கமுத்து முன்வரிசைக்கு நடந்தார். அவர் நாற்காலி வரையிலான அந்தப் பத்தடி தூரம், பதுளையிலிருந்து நின்றுகொண்டே வந்த தூரத்தைவிடக் கூடுதலாக இருந்தது. உட்காரவில்லை. திரும்பி நின்று, பெண்கள் பக்கம் பார்த்தார்.

"மூக்காயி."

அவள் எழுந்து நின்றாள். உதட்டை இறுக்கிக் கொண்டு, விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

"நா இருக்கற எடத்துல... பேசலாம்."

அவள் அசையவில்லை. பொன்னாயிக்குப் பொறுக்கவில்லை. "பேசலாம்னா என்னாங்க அது, தொரை லீவு குடுக்கற மாதிரி? பேசுன்னு வாய் தொறந்து சொல்லுங்க!"

"பேசு தாயி," என்றார் அங்கமுத்து.

மூக்காயி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னைக்கு மட்டுமா, இல்ல எப்பவுமேவாங்க கங்காணி?"

"படம் முடியற வரைக்கும்."

"அப்ப பாதியில நிறுத்திருவேனே."

அங்கமுத்துவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. "எப்பவுமேதான். பேசித் தொலை!"

கூரைத் தகரம் அதிர்கிற மாதிரிக் கை தட்டினார்கள். ஹுமைத் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். செருப்பைத் தேடியவர்கள் செருப்பின் மேலேயே உட்கார்ந்தார்கள்.

படத்தின் கதை இதுதான், அல்லது மூக்காயி சொன்னது இதுதான். அந்தப் பெண்பிள்ளை பெரிய பண்ணை ஒன்றில் வேலை செய்தவள். புருசன் செத்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானை எல்லாவற்றையும் எறிந்தார்கள். அவள் எதையும் பொறுக்கவில்லை. புருசன் செய்து மாட்டிய கதவை மட்டும் கழற்றி, கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். பின்னால் மாமியார்க்காரி. அதற்குப் பின்னால் ஓர் ஆடு.

"கூட தூக்கற மாதிரியேதான் தூக்கறா பாரு, நெத்தியில கயிறு!" என்று பெண்கள் பக்கம் ஆச்சரியப்பட்டது.

மழை பெய்தது; கதவைக் கூரையாக்கி மூன்று பேரும் அதன் கீழே உட்கார்ந்தார்கள். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. கதவைத் தண்ணீரில் போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டார்கள். ஆடு ஏற மாட்டேன் என்றது. மூக்காயி ஆட்டுக்கும் பேசினாள்: "எனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியக்காரன் சொல்லியிருக்கான்!" நாற்காலியில் தூக்கி வரப்பட்ட கிழவர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவருக்கு முதுகைத் தடவி விட்டவர்களும் சிரித்துக்கொண்டே தடவினார்கள்.

பிறகு ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிக் கையை ஆட்டினான். மூக்காயி நிறுத்தினாள். "தலைவரே, இவனுக்கு நீங்க பேசுங்க. பஸ்ஸே வராத ரோட்டுக்கு நீங்கதானே தலைவரு!"

சந்தனம் திடுக்கிட்டார். முன்னூறு பேர் "பேசுங்க, பேசுங்க" என்றார்கள். மேடையைக் கண்டால் விடாத மனிதர். "கதவெல்லாம் ஏத்த முடியாதும்மா!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

"ஏன் ஏத்த முடியாது? போன மாசம் ஒங்க மச்சான் அலுமாரி ஏத்தினானே!"

"அது... அது மடக்கற அலுமாரி!"

அந்தப் பதிலுக்குச் சந்தனமே சிரித்துவிட்டார். கரண்ட் பெட்டிப் பக்கம் அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை. முன்வரிசைக்குப் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பயம் இருந்தது. வீட்டைக் காலி பண்ண வந்தவர்களில் முன்னே நின்ற ஒரு கிழவன், உயரமான தொப்பியோடு, முதுகு விறைத்தவன், இவள் போகிற பாதையெல்லாம் குதிரையில் பின்னால் வந்துகொண்டிருந்தான். யார் அவன்? பண்ணைக்காரனின் கங்காணியாகத்தான் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மூக்காயிக்குப் புரியாமல் இருக்குமா?

கிழவன் ஒரு திருப்பத்தில் குதிரையை நிறுத்தி வாயைத் திறந்தான். மூக்காயியின் தொண்டையிலிருந்து அங்கமுத்து வந்தார்.

"நா இருக்கற எடத்துல ஒன் கதவு நிக்கப்படாது, ஆமா!"

ஸ்டோர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்வரிசை நாற்காலியைப் பார்த்தது. பொன்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கமுத்து மெதுவாக எழுந்தார். படத்தை நிறுத்தச் சொல்லப்போகிறார், எல்லாம் போயிற்று என்று பூசாரி கண்ணை மூடினார்.

"தப்பு," என்றார் அங்கமுத்து.

"என்னங்க தப்பு?"

"கங்காணி 'ஆமா'ன்னு சொல்ல மாட்டான். சொன்னதுக்கு மேல ஒரு சொல்லு வராது. நீ இழுத்துப் பேசறே." தொண்டையைச் சரிசெய்துகொண்டு, காலைப் பெரட்டில் நாற்பது பேரைக் கூப்பிட்ட குரலில் சொன்னார்: "ஒன் கதவு நிக்கப்படாது!"

அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்தது அடங்கவில்லை. விஜிதா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, ஏலாது எனக்கு," என்றார்.

அதிலிருந்து குதிரைக் கிழவனுக்கு அங்கமுத்து பேசினார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அவளும் இவரும் மலைக்கு மலை, திருப்பத்துக்குத் திருப்பம் வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டார்கள். ஆறு வருடப் பேச்சு அவளிடம் மிச்சம் இருந்தது. அவரிடமும் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் அந்தப் பெண்பிள்ளை ஒரு சரிவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒன்றும் இல்லை; புல்லும் கல்லும்தான். கையால் குழி தோண்டி, கல்லை இடுக்கி, கதவை நட்டு வைத்தாள். சுவர் இல்லை, கூரை இல்லை. மலை நடுவே ஒரு கதவு. கிழவி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கதவுக்கு முன்னால் நின்று தட்டினாள்.

மூக்காயி இந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. கல்லுமலையில் பிறந்த யாரும் என் கதவு என்று ஒன்றைச் சொன்னதில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், கதவும் தோட்டத்துக்குச் சொந்தம். பூட்டு மட்டும்தான் குடியிருக்கிறவர்களுடையது.

"அது அவ கதவு," என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அப்போது குதிரைக் கிழவன் வந்தான். தூரத்திலேயே குதிரையை நிறுத்தி இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். நடந்து வந்து கதவின் முன்னால் நின்றான். கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கித் தட்டினான்.

"யாரு?" என்றாள் மூக்காயி.

கிழவனின் உதடு அசைந்தது. அங்கமுத்துவிடமிருந்து சத்தம் வரவில்லை. கிழவனின் உதடு மூடிக்கொண்ட பிறகுதான் அவர் பேசினார்.

"நாந்தான் தாயி. அங்கமுத்து."

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. மூக்காயி திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"கதவு தொறந்துதாங்க இருக்கு," என்றாள். "குனிஞ்சு வாங்க. நெல ஒசரம் பத்தாது."

திரையில் அந்த நெட்டைக் கிழவன் முதுகை வளைத்து, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சுவரில்லாத வீட்டுக்குள் குனிந்து நுழைந்தான். ஆடு அவனுக்குப் பின்னால் நுழைந்தது. படம் முடிந்தது.

கை தட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஹுமைத் கசெட்டை வெளியே எடுக்கப் போனார்; விடவில்லை. மறுபடியும் போடச் சொன்னார்கள். கற்பூரம் இன்னொரு தரம் காட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்க, பூசாரி, "ஆத்தாளும்தான் ரெண்டாம் தரம் பாக்கட்டுமே" என்றார். இரண்டாம் தரத்தில் ஆட்டுக்குப் பேச ஏழு பேர் போட்டி போட்டார்கள். சந்தனத்தின் கண்டக்டர் முதல் தரத்தைவிட மோசமாக நடந்துகொண்டார். சாயந்தரம் எல்லாரும் வெளியே வந்தபோது, அங்கமுத்து தன் வீட்டு வாசலில் தலையைச் சாய்க்காமல் குனிந்து நுழைந்ததைப் பொன்னாயி பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உபயம் நிற்கவில்லை, எனவே உபயம் போகவும் இல்லை.

ஆனால் பேச்சு பரவியது. அந்தப் படத்தைப் பாறூக் கல்லுமலைக்கே கொடுத்துவிட்டார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கசெட்டையும் மூக்காயியையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அவள் போகிற இடமெல்லாம் படத்தின் கதையோடு, படம் வந்த கதையும் போயிற்று. பசறையில் ஒன்று சொன்னார்கள், லுணுகலையில் அதற்கு மேல் ஒன்று சொன்னார்கள். அடுத்த வருடம் பங்குனியில் கோயில் கூட்டம் கூடியபோது அது ஒரு முழுப் படமாகவே வளர்ந்திருந்தது. சொன்னவர் வேறு யாருமில்லை, சந்தனம்தான். சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையோடு சொன்னார்.

"கங்காணி ஐயா லேசுப்பட்டவரு இல்லீங்க. கஷ்டப்பட்ட சனம் தலை நிமிந்த கதையா ஒரு படம் வேணும்னு வெளிநாட்டுக்குக் கடுதாசி போட்டு, வெள்ளக்காரன் கையால எடுப்பிச்சிருக்காரு. மூக்காயிகிட்ட சமாதானம் பேசறதுக்குன்னே பாத்துப் பாத்து எடுத்த படம் அது. நமக்கு இவ்வளவு நாளாத் தெரியாமப் போச்சு!"

சனம் ஆரவாரம் செய்தது. பண்டாரவளையிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் மாலையோடு எழுந்தார். பொன்னாயி புருசனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, "சும்மா இருங்க, நல்லதத்தானே சொல்றாங்க" என்றாள். பெண்கள் பக்கம் மூக்காயி சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அங்கமுத்து மாலைக்குக் கழுத்தை நீட்டவில்லை. முதுகை நிமிர்த்தி எழுந்து நின்றார்.

"அது பொய். நா யாருக்கும் கடுதாசி போடல. கசெட்டு மாறிப்போச்சு. பாறூக் மொதலாளி போட்டுப் பாத்துத் தாறேன்னாரு, நாந்தான் வேணாம்னேன். எங் கையால நானே மாத்தி எடுத்தேன்."